பயனாளி எண் 31 மேடையிலிருந்து இறங்கியது குறித்து

விசாரணைக் குழுவின் தலைவர் ஐயாவுக்கும் உறுப்பினர்களுக்கும்,

மார்ச் 14 அன்று நடந்த நிறைவு விழாவில், சிறப்பு விருந்தினர் கை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பயனாளி எண் 31-ஐ நான் மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போனேன் என்றும், அதனால் குழுப் படத்தில் ஓர் இடம் பல் விழுந்ததுபோலத் தெரிகிறது என்றும் குறிப்பாணை வந்திருக்கிறது. ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் என்னுடைய இரண்டு கிரெடிட் நிறுத்தப்படும். இரண்டு கிரெடிட் இல்லையென்றால் பட்டம் இல்லை. ‘நடந்ததை உள்ளபடி எழுதவும்’ என்று கேட்டிருப்பதால், பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழுவில் இரண்டு பேர் புதியவர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். தலைவர் ஐயாவே மையத்தின் இயக்குநராகவும் இருப்பதால் அவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

வழித்துணை மையம் என்பது, பல்கலைக்கழக மாணவர்கள் வசதி குறைந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு வேலை தேடுவது எப்படி, பணத்தைக் கையாள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் அமைப்பு. சொல்லிக்கொடுப்பவர் வழித்துணைவர், கேட்டுக்கொள்பவர் பயனாளி. ஒருவருக்கு ஒருவர், நாற்பது மணி நேரம். முடித்தால் வழித்துணைவருக்கு இரண்டு கிரெடிட். நான் மூன்றாம் ஆண்டு. இதுவரை எந்த வேலைக்கும் போனதில்லை. பணம் என்று என் பெயரில் இருப்பது கல்விக் கடன் ஒன்றுதான். மையம் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தது. மூன்றாம் நாள் இரண்டையும் கற்பிக்கத் தகுதி பெற்றேன்.

பயனாளி 31-ஐ வீட்டில் ‘பெரியவ’ என்று கூப்பிடுவார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. அவளுடைய அம்மா பொது மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறார். இருபது வருடமாக விரிப்புகளை வெளுப்பு மருந்துத் தொட்டியிலிருந்து எடுத்துப் பிழிந்து போடுகிற வேலை. விரல் நகங்கள் நான்குதான் மிச்சம். பெரியவள் பள்ளி விட்டதும் அங்கே போய், வெளுத்த அங்கிகளை மடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டு வருவாள்.

ஜூலையில், முதல் சந்திப்பிலேயே என்ன ஆக வேண்டும் என்று கேட்டேன். கையேட்டில் முதல் கேள்வி அது.

“லேப்ல உதவியாளர் அண்ணா.”

“ஏன் அது?”

“அங்க எல்லாரும் ஸ்டூல்ல உக்காந்து வேலை செய்யறாங்க. எங்கம்மா வேலை நேரத்துல உக்காந்து நான் பார்த்ததே இல்ல.”

அதற்கு ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது, மருத்துவமனைக்குப் பின்புறம். இரண்டு வருடம், கட்டணம் கிடையாது, படிக்கும்போதே உதவித்தொகை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும், பதினெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு ஏப்ரல் ஒன்பதாம் தேதி பதினெட்டு முடிகிறது. சேர்க்கை மார்ச் 14, மாலை நாலு மணியோடு முடியும். அது தவறினால் அவளுக்கு என்ன மிச்சம் என்பதையும் அவளே சொன்னாள்: “அம்மாவால இனி பிழிய முடியாது. மேஸ்திரி சொல்லிட்டாரு, பதினெட்டு ஆனதும் அதே தொட்டியில நான் நிக்கலாம்னு. நிக்கலைன்னா இடத்தை வெளி ஆளுக்குக் குடுத்துடுவாராம்.”

இதை நான் அன்றே குறிப்பேட்டில் எழுதினேன். ஒருங்கிணைப்பாளர் மேடம் படித்துவிட்டு, “இது இலக்கு, கனவு இல்ல. கனவுன்னு ஒரு கட்டம் தனியா இருக்கு பாருங்க, அதை நிரப்புங்க” என்றார்.

பெரியவளிடம் கேட்டேன். அவள் மறுபடியும் லேப் உதவியாளர் என்றாள்.

“ரொம்பச் சின்னதா இருக்கேம்மா” என்றார் மேடம். “பெருசா யோசி. உன்னால முடியும்.”

“அதுக்குத்தான் மேடம் இடம் இருக்கு.”

“கனவுக்கு எதுக்கும்மா இடம்?”

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் கையேட்டைப் பார்த்தேன். கடைசியில் மேடமே இதய அறுவை நிபுணர் என்று எழுதிக்கொண்டார். ஆண்டறிக்கையில் அறுபது பயனாளிகளில் இருபத்திரண்டு பேர் இதய அறுவை நிபுணர் ஆக விரும்புவதாக வந்திருப்பது இப்படித்தான்.

அடுத்தது தன்னம்பிக்கை அளவீடு. தொடக்கத்தில் ஒரு மதிப்பெண், முடிவில் ஒரு மதிப்பெண், பத்துக்கு. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் மையத்தின் வேலை. பெரியவள் கொஞ்ச நேரம் யோசித்து ஏழு போட்டாள்.

மேடம் படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “ஆரம்பத்துலயே ஏழுன்னா நாங்க எங்க கொண்டுபோய் ஏத்தறது? பிள்ளைக்குக் கேள்வி புரியல. பேசிப் பாருங்க.”

நான் பேசிப் பார்த்தேன்.

“எனக்குப் புரிஞ்சுதுண்ணா. ஏழுதான்.”

“கொஞ்சம் குறைச்சுப் போட்டா நல்லது.”

“யாருக்கு?”

அவளே, “எவ்வளவு வேணும்?” என்றாள். இரண்டு என்றேன். என் பையில் அழிப்பான் இருந்தது. ஏழை நான்தான் அழித்தேன். அவள் இரண்டு போட்டாள்.

ஆகஸ்ட் மாதம் பயனாளிகளின் அசல் சான்றிதழ்களைப் பெற்று மையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக என்று சுற்றறிக்கையில் இருந்தது. பெரியவளின் அம்மா அதை ஒரு தலையணை உறைக்குள் வைத்திருந்தார். எடுத்துக் கொடுப்பதற்கு முன் கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்தார்.

“பத்திரமா திரும்பி வந்துடுமா தம்பி?”

“ரசீது தர்றேன்மா” என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சான்றிதழ் மையத்தின் சாம்பல் நிற இரும்பு அலமாரிக்குள் போனது.

அக்டோபரில் பணத்திறன் பாடம். பாடநூலில் ஒரு மாதிரிக் குடும்பம் இருக்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு கார், ஒரு நாய். அவர்கள் எதைக் குறைத்தால் சேமிக்கலாம் என்று பயனாளி கண்டுபிடிக்க வேண்டும். பெரியவள் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்து நாயின் செலவில் நின்றாள்.

“இது மாசத்துக்கா, வருஷத்துக்காண்ணா?”

“மாசத்துக்கு.”

“இந்த வீட்டுல நாய் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா?”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு, “உங்களுக்குக் கடன் இருக்கா?” என்றாள். படிப்புக் கடன் என்றேன். எவ்வளவு வட்டி என்றாள். தெரியாது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க இந்த விளக்கத்தில் இடமில்லை. மறு வாரம் கடன் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்து, படிக்கும்போதே வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த வட்டிக்கும் சேர்த்து வட்டி ஓடுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள். அன்றைய அறிக்கையில், ‘பயனாளி கடன் குறித்த விழிப்புணர்வு பெற்றார்’ என்று எழுதினேன். அந்த வரியை மேடம் பாராட்டினார்.

ஜனவரியில் பயிற்சிப் பள்ளியின் அறிவிப்பு வந்தது. அசல் சான்றிதழோடு நேரில் வர வேண்டும் என்று போட்டிருந்தது. பிப்ரவரி முதல் வாரம் நான் அலமாரிப் பொறுப்பாளரிடம் போனேன்.

“அசலை வாங்கணும்னா மனு குடுக்கணும். மனுவோட சான்றொப்பம் வாங்கின ஜெராக்ஸ் ஒண்ணு வைக்கணும்” என்றார்.

“சான்றொப்பம் யார்கிட்ட வாங்கறது?”

“எந்த அதிகாரிகிட்டயும் வாங்கலாம். அசலைக் காட்டினா போட்டுக் குடுப்பாங்க.”

“அசல் உங்க அலமாரியில இருக்கே.”

“ஆமா. பத்திரமா இருக்கு.”

“அதைத் திறந்து காட்ட முடியுமா?”

“மனு இல்லாம எப்படித் திறக்கறது?” என்றார், வருத்தத்தோடுதான். “உங்களை மாதிரியே போன வாரம் நாலு பேர் வந்தாங்க. எல்லாரையும் மனு எழுதத்தான் சொல்லியிருக்கேன்.”

அதன் பிறகுதான் இயக்குநர் ஐயாவைப் பார்த்தேன். ஐயாவுக்கு நினைவிருக்கும். நாற்காலியில் உட்காரச் சொல்லி அன்போடுதான் பேசினீர்கள்.

“சான்றிதழைக் கையில குடுத்துட்டா அவ போயிடுவா தம்பி.”

“போறதுக்குத்தானே ஐயா நாம சொல்லிக்குடுக்கறோம்?”

“போகட்டும், யாரு வேண்டாம்னா? திட்டம் முடிஞ்ச பிறகு போகட்டும். போன வருஷம் பதினோரு பேர் நடுவுலயே வேலை கிடைச்சுது, இடம் கிடைச்சுதுன்னு கிளம்பிட்டாங்க. நிதி குடுக்கறவங்ககிட்ட நான் தலை குனிஞ்சு நின்னேன். பதினோரு இடைநிற்றல்! அதுக்கப்புறம்தான் இந்த அலமாரியே வாங்கினோம். இந்த வருஷம் ஒரு பிள்ளை கூட நம்ம கையை விட்டுப் போகல. ஒண்ணு கூட! நீயே சொல்லு, இது சாதனை இல்லையா?”

சாதனைதான் என்று சொல்லிவிட்டு, மார்ச் 14 பற்றிக் கேட்டேன். நிறைவு விழா பிப்ரவரி கடைசியில், அன்று மேடையிலேயே சான்றிதழ் கொடுத்துவிடுவோம், கவலைப்படாதே என்றீர்கள். நான் பெரியவளிடம் போய்க் கவலைப்படாதே என்றேன்.

சிறப்பு விருந்தினருக்கு வெளியூர்ப் பயணம் வந்ததால் விழா மார்ச் ஐந்துக்குப் போனது. அவருக்குத் தொண்டை கட்டியதால் பதினொன்றுக்குப் போனது. மண்டபத்தில் வேறு நிகழ்ச்சி இருந்ததால் பதினான்காம் தேதி காலை பத்து மணி என்று முடிவானது. பத்து மணி என்றால் பதினொன்றரைக்கு முடியும், பயிற்சிப் பள்ளி முக்கால் மணி நேரப் பயணம் என்று கணக்குப் போட்டு, பெரியவளின் அம்மாவை நேராக அங்கே வந்து நிற்கச் சொன்னேன். அவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்.

சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணிக்கு வந்தார்.

அன்றைய பேச்சுகள் விழா மலரில் இருக்கின்றன. ஆனாலும் குறிப்பாணைக்குத் தொடர்புள்ள பகுதியை மட்டும் எடுத்து எழுதுகிறேன். இயக்குநர் ஐயா பேசியது: “நேரம் தவறாமை என்பதை நம் பயனாளிகள் எட்டு மாதமாகக் கற்றிருக்கிறார்கள். காலையிலிருந்து ஒருவர்கூட எழுந்து போகவில்லை, பாருங்கள். இவர்களுடைய சான்றிதழ்களை நாம் வெறுமனே திருப்பித் தரப்போவதில்லை. மையத்தின் செலவில், மையத்தின் சின்னத்தோடு, ஒவ்வொன்றையும் லேமினேட் செய்து தருகிறோம். இனி மழையோ கண்ணீரோ இதைத் தொட முடியாது!” எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மணிக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் ‘என் பயணம்’ என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு, சிவப்பு நாடா கட்டிய சான்றிதழ்க் கோப்பை வாங்கிக்கொண்டு, குழுப் படம் முடியும்வரை மேடையிலேயே நிற்க வேண்டும். சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்ததால் முதல் பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண் 30-லிருந்து தொடங்கினார்கள். பெரியவள் இரண்டாவது ஆளாகப் போனாள். மேடம் எழுதிக்கொடுத்த தாளை அவள் வாசித்தாள். “வாய்ப்பு கதவைத் தட்டும்போது தாமதிக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன்” என்ற வரி வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று ஐந்து.

நான் மேடையேறினேன். தட்டிலிருந்து அவளுடைய சான்றிதழ்க் கோப்பை எடுத்தேன். அவள் கையைப் பிடித்தேன். சிறப்பு விருந்தினர் நீட்டிய கை அப்படியே நின்றது உண்மை. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மேடம் பின்னால் ஓடிவந்து, “படம் எடுக்கலையே! படம் எடுக்கலையே!” என்று சொன்னது மட்டும் வாசல்வரை கேட்டது.

வாடகை வண்டியில் பெரியவள் நாடாவைப் பிரித்து மறுபடியும் கட்டினாள். “கசங்கிடும்ணா” என்றாள். மூன்று ஐம்பதுக்கு இறங்கினோம். அவள் அம்மா வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நின்றிருந்தார்.

கவுன்டரில் இருந்த அம்மா நல்லவர். வயதைப் பார்த்தார், மதிப்பெண்ணைப் பார்த்தார், “நல்லா எடுத்திருக்கியே” என்றார். பதிவேட்டில் எழுதினார். பிறகு சான்றிதழைப் பின்பக்கமாகத் திருப்பி முத்திரையைக் குத்தினார். ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் சேராமல் இருக்க, அசலின் பின்புறம் முத்திரை இருந்தால்தான் சேர்க்கை செல்லுமாம். குத்தியதும் விரலால் தொட்டார். மை விரலோடு வந்துவிட்டது.

துடைத்துவிட்டு இரண்டாவது முறை குத்தி, வாயால் ஊதினார். முத்திரை வழிந்து மையத்தின் சின்னத்தருகே போய் நின்றது.

“யாரும்மா இதுக்கு ப்ளாஸ்டிக் போட்டது?”

“பாதுகாப்புக்குப் போட்டாங்க” என்றாள் பெரியவள்.

மூன்றாவது முறை மேசை விசிறிக்கு நேரே பிடித்தார். அதற்குள் நாலு அடித்தது. “ஒட்டலையேம்மா” என்றார். “என் கையில இல்ல. இது தாள்னா நான் குத்திடுவேன்.”

பெரியவளின் அம்மா, “தம்பி குடுத்த ரசீது இருக்கு, அதுல குத்தலாமா?” என்று கேட்டார். கவுன்டர் அம்மா அதன் பின்பக்கம் குத்திப் பார்த்தார்; நன்றாக ஒட்டியது, ஆனால் அது அசல் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் முதல் வேலையாகத் தேர்வுத் துறை அலுவலகத்தில் மறுபிரதி கேட்டோம். பெரியவளின் பெயர் எழுதிய அந்த ஓர் இடத்தை வேறு பிள்ளைக்குத் தராமல் இரண்டு நாள் வைத்திருப்பதாகக் கவுன்டர் அம்மா தன் பொறுப்பில் சொல்லியிருந்தார்.

“தொலைஞ்சுபோச்சா?”

“இல்லைங்க.”

“எரிஞ்சுதா, கிழிஞ்சுதா, செல்லரிச்சுதா?”

“ஒண்ணும் ஆகலை. லேமினேட் பண்ணிட்டாங்க.”

அவர் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். “அருமையா இருக்கே. இதுக்கு எதுக்கு மறுபிரதி?”

அன்று மாலை பெரியவளின் அம்மா சலவைக் கூடத்துத் தேய்ப்புப் பெட்டியை ஒரு மூலையில் வைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் எழுந்து வந்தது. அதோடு ஊரின் பெயரும் தேதியும் எழுந்து வந்தன. பெட்டியை எடுத்துவிட்டார். அந்த மூலை அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் போனதும் இடம் வேறு பிள்ளைக்குப் போனது.

மையத்தின் ஆண்டறிக்கை சென்ற வாரம் கிடைத்தது. பக்கம் ஒன்பதில், ‘பயனாளி 31: மருத்துவத் துறையில் பணியமர்த்தப்பட்டார்’ என்று இருக்கிறது. சலவைக் கூடம் மருத்துவமனையைச் சேர்ந்தது என்பதால் இதில் பிழை என்று சொல்வதற்கு எனக்கு எதுவும் அகப்படவில்லை.

குறிப்பாணையோடு, முடிவு அளவீட்டுப் படிவத்தையும் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். நேற்று முன்தினம் அதை எடுத்துக்கொண்டு சலவைக் கூடத்துக்குப் போனேன். ஆவியில் யார் எங்கே என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெரியவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, விரிப்புகளில் வார்டு எண் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத மையாம் அது. எண்ணிக்கைத் தாளுக்கு அடியில் பலகை மாதிரி ஒன்றை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சான்றிதழ்.

“தண்ணி தெறிச்சாலும் ஒண்ணும் ஆகலைண்ணா. நல்ல ப்ளாஸ்டிக்தான் போட்டிருக்காங்க.”

“அம்மா எப்படி இருக்காங்க?”

“வீட்டுலதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொட்டி. நான் நின்னதும் அவங்க உக்காந்துட்டாங்க.” கையைப் பாவாடையில் துடைத்தாள். “யாராவது ஒருத்தர் உக்காந்தாச்சில்ல.”

படிவத்தைக் கொடுத்தேன். படித்தாள்.

“எவ்வளவு வேணும்ணா?”

“உனக்கு என்ன தோணுதோ அது.”

“போன தடவை அப்படிச் சொல்லலையே.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. “மொதல்ல ஏழு போட்டேனே, அது இன்னும் இருக்கா?”

“அழிச்சுட்டேன்.”

“சுத்தமா போயிடுச்சா?”

“வெளிச்சத்துல பிடிச்சா தெரியுது. தாள் அங்க மட்டும் மெல்லிசா இருக்கு.”

அதற்குள் தொட்டி நிரம்பியதற்கு மணி அடித்தது. மேஸ்திரி, “ஏய் புதுசு! அங்க என்ன அரட்டை?” என்றார். அவள் படிவத்தை நனையாமல் இரண்டு விரலால் பிடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐயா, குறிப்பாணையில் உள்ள குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஐந்துக்கு அவளை இறக்கினேன். ஆனால் குறிப்பாணை முழுமையாக இல்லை. ஜூலையில் அந்த ஏழை அழித்ததும், ஆகஸ்டில் ரசீதில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவற்றையும் சேர்த்துப் புதுக் குறிப்பாணை அனுப்பினால் அதற்கும் ஏழு நாளில் பதில் எழுதுகிறேன். கிரெடிட் பற்றி முடிவெடுக்க அவசரம் இல்லை. வட்டி எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இத்துடன் வைத்திருப்பவை: சான்றிதழ் பெற்றுக்கொண்டதற்கு நான் கொடுத்த ரசீது, பின்பக்கம் முத்திரை குத்திப் பார்த்த தடத்தோடு. தொடக்க அளவீட்டுப் படிவம், விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவும். முடிவு அளவீட்டுப் படிவம்.

முடிவுப் படிவத்தில் மதிப்பெண் கட்டம் காலியாக இருக்கிறது. தயவுசெய்து அதை யாரும் நிரப்ப வேண்டாம்.

கையெழுத்திட்டவன்,
வழித்துணைவர் எண் 31